இன்ஜின்காரர் எழுதாத கடிதங்கள்

அத்தியாயம் 14

போன வாரம் மருமகள் வாயெல்லாம் பல்லாக ஒரு செய்தியோடு வந்ததும், அதைக் கேட்ட மகன் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டு உடைத்ததும் நினைவிருக்கும். கை ஈரமாக இருந்தது என்று காரணம் சொன்னான். அம்மா நம்பிவிட்டாள். மருமகள் நம்பவில்லை.

செய்தி இதுதான். நாற்பது வருடமாக டிவியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிரிட்டிஷ் விண்வெளித் தொடர். கிரகம் கிரகமாகத் தபால் கொண்டுபோகும் கப்பலின் கதை. இந்த வீட்டில் அதற்குப் பெயரே 'கப்பல்'தான். அதன் ரசிகர்கள் சனிக்கிழமை நான்கு மணிக்கு நூலக அரங்கில் கூடுகிறார்கள். அங்கே பத்து நிமிடம் பேச அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எல்லாம் மருமகளின் வேலை. கப்பலில் வருபவர்களின் உடுப்புகளைப் பற்றி மாமியார் வாய் ஓயாமல் அடிக்கும் கமெண்டுகளைப் போனில் பதிவு செய்து நூலகருக்கு அனுப்பியவள் அவள்தான். கல்யாணமாகி நாலே மாதத்தில் மாமியாருக்கு மேடை பிடித்துக் கொடுத்த மருமகளை வேறு எந்த வீட்டில் பார்க்க முடியும்? இத்தனைக்கும் அவளுக்குக் கப்பல் பிடிக்காது. தொடக்க இசை முடிவதற்குள் தூங்கிவிடுவாள்.

இன்று அந்தச் சனிக்கிழமை.

"மணி எட்டு இருபது, அத்தை. இன்னொரு தடவை பேசிப் பாருங்க. பத்து நிமிஷத்துக்கு மேல ஒரு நிமிஷம் போகக் கூடாது." மருமகளுக்குப் பேருந்து டிப்போவில் நேர அட்டவணை போடும் வேலை. வீட்டிலும் அதே வேலைதான்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சீருடைகள் தைக்கும் பட்டறையில் அவள் கட்டிங் மாஸ்டர். முப்பது வருடமாகத் துணியில் கத்தரி வைக்கிறவள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"இதுவரைக்கும் ஏழு கேப்டன். மூணாவது கேப்டன் ஏன் எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டே இருக்கார்? கோபக்காரர்னு எல்லாரும் சொல்றாங்க. கோபமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவர் கோட்டுல அக்குள் பக்கம் துணி பத்தல. கையைத் தூக்க முடியாத மனுஷன் வாயாலதானே வேலை வாங்கணும்?"

மருமகள் கைதட்டினாள்.

"இப்ப வந்திருக்கற ஏழாவது ஆளு இருபது வருஷம் கப்பல் ஓட்டினவராம். முழங்கையில ஒரு தேய்மானம் இல்ல. யாரை நம்பச் சொல்றாங்க? பழைய பகுதியில எல்லாம் கதவைச் சாத்தினா சுவர் ஆடும். அட்டைச் சுவர். ஆனா கோட்டு நிஜமா இருந்துது. இப்ப சுவரெல்லாம் நிஜம், கோட்டு பொய்."

"பிரமாதம். அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு. இன்னும் இருக்கு."

"இருக்கு, இருக்கு. கடைசியா ஒரு கேள்வி கேக்கப் போறேன்."

கண்ணாடி முன் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த மகனின் கை அப்படியே நின்றது.

"இன்ஜின்காரரும் அவர் பொண்டாட்டியும் ஒரே கப்பல்ல வேலை. அவர் இன்ஜினைப் பாத்துக்குவார், அவ சுக்கானைப் பிடிப்பா. எட்டு வருஷத்துக்கு முன்னாடி அவர் ஒரு கிரகத்துல இறங்கிட்டார். அங்கேர்ந்து பொண்டாட்டிக்கு முப்பத்தொரு கடிதம் எழுதிட்டார். இந்தக் கேப்டன்களுக்கு மனசுல ஈரமே இல்லையா? ஊர் ஊரா தபால் கொண்டுபோற கப்பல்தானே! ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் திருப்பி, அவளை அவர் முகத்தைப் பாக்க விட்டா என்ன தேஞ்சா போயிடும்? இதைத்தான் கேக்கப் போறேன். எவனாவது பதில் சொல்லட்டும்."

"கேளுங்க அத்தை! அரங்கமே அதிரப் போகுது."

அதிரும்தான் என்று மகனுக்குத் தெரியும். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

* * *

மகன் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து இரண்டு லென்ஸை வீணாக்கியிருந்தான். ஒன்று ஃபிரேமைவிடச் சிறிதாகிவிட்டது. வலது கண்ணுக்குரிய இன்னொன்றை இடது கண்ணுக்குப் பொருத்திவிட்டான். ஆறு வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

பன்னிரண்டு மணிக்கு மருமகள் வந்து நின்றாள்.

"என்னத்தை மறைக்கறீங்க? தட்டு உடைஞ்சப்பவே கேக்கணும்னு இருந்தேன்."

அவன் இயந்திரத்தை நிறுத்தினான். "அந்த இன்ஜின்காரர் செத்துட்டார்."

"ஐயோ! எப்போ? இன்னிக்கா?"

"நடிகர் இல்ல. கதையில. எட்டு வருஷத்துக்கு முன்னாடியே."

மருமகள் புரியாமல் பார்த்தாள். "அப்போ கடிதம் எழுதறது யாரு?"

"நான்."

அவள் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். அப்பா இருந்தவரை, கப்பல் ஓடும்போது அம்மாவுக்கு அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து பொருள் சொல்வார். அம்மாவின் ஆங்கிலம் அளவுகளோடும் நிறங்களோடும் முடிந்துவிடும். அப்பா இறந்து மூன்றாவது வாரம், அன்று இருபத்தொரு வயதாக இருந்த மகன் அந்த வேலையைத் தான் எடுத்துக்கொண்டான். தமிழில் சப்டைட்டில் எழுதிப் படத்தின் கீழே ஓட விட்டான். அவன் எழுத உட்கார்ந்த முதல் பகுதியிலேயே இன்ஜின்காரர் செத்துப்போனார்.

கப்பலைக் காப்பாற்ற, எரியும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். கதவுக்கு இந்தப் பக்கம் மனைவி நிற்கிறாள். உடலைக் காட்டவில்லை. அந்தத் தொடரில் யாரும் செத்துவிட்டார் என்று பச்சையாகச் சொல்லவும் மாட்டார்கள். போய்விட்டார் என்பார்கள், இழந்துவிட்டோம் என்பார்கள், தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். அது அவனுக்கு வசதியாகப் போயிற்று. அடுத்த அறையில் அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த அம்மாவை ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு, 'நான் இந்தக் கிரகத்திலேயே இறங்கிக்கொள்கிறேன், நீங்கள் கிளம்புங்கள்' என்று எழுதிவிட்டான்.

"ஒரு நாளைக்குன்னுதான் பண்ணேன். ஆனா அடுத்த வாரம் அவர் தொப்பியை ஒரு பெட்டியில வெச்சு வானத்துல விட்டாங்க. மறந்துட்டுப் போன தொப்பியை அவருக்கே அனுப்பறாங்கன்னு எழுதினேன். அதுக்கப்புறம் அந்தப் பொண்டாட்டி தனியா உக்காந்து அவர் போட்டோகிட்ட பேசுவா. ஒவ்வொரு தடவையும் அதை அவர் கடிதமா மாத்திட்டேன். கையில காகிதமே இல்லாம எப்படிடா படிக்கறான்னு அம்மா கேட்டாங்க. அந்தக் கப்பல்ல கடிதம் காதுல வரும்னு சொன்னேன்."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்காகத் தன் மேலேயே கோபமும் வந்தது.

"சிரிக்கற விஷயமா இது? அத்தை இன்னிக்கு அத்தனை ரசிகர்கள் நடுவுல நின்னு, செத்துப்போனவரை ஏன் பாக்கப் போகலைன்னு கேப்பாங்க. ஊரே சிரிக்கும். நான்தானே கூட்டிட்டுப் போய் நிறுத்தறேன்!"

"நீ நூலகருக்குப் போன் பண்ணி, அத்தைக்கு உடம்பு சரியில்லைன்னு..."

"இன்னொரு பொய்யா?" அவள் எழுந்துவிட்டாள். "மணி பன்னண்டு இருபத்திரண்டு. மூணு மணிக்குள்ள நீங்க சொல்றீங்க. இல்லேன்னா நான் சொல்லிடுவேன். நான் சொன்னா உங்களை மாதிரி நயமா சொல்லத் தெரியாது."

* * *

நூலகத்தின் முன்னால் வரிசையாகச் சிமென்ட் பெஞ்சுகள். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நாற்காலி போட்டாச்சா பார்க்கிறேன் என்று மருமகள் உள்ளே போய்விட்டாள். போகும்போது கணவனை ஒரு பார்வை பார்த்தாள்.

அம்மா மடியில் ஒரு கோட்டை வைத்திருந்தாள். மூன்றாவது கேப்டனுடையதைப் போலவே தைத்து, அக்குளைச் சரிசெய்து கொண்டுவந்திருந்தாள். மேடையில் காட்டப் போகிறாளாம்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"வேலை போயிடுச்சா?"

"இல்லம்மா."

"பின்ன ஏன் காலையிலேர்ந்து பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

அவன் சொன்னான். கடையில் மனைவியிடம் சொன்னதைவிட மோசமாகச் சொன்னான். முன்னும் பின்னுமாக, பாதியில் நிறுத்தி நிறுத்தி. அம்மா கோட்டின் காலரை இரண்டு விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"அந்தத் தொப்பி?"

"அவர் நினைவா விட்டதும்மா."

"முழங்கால் வலி தேவலைன்னு எழுதினாரே. ஆத்தங்கரையில நடக்கறேன்னு."

"நான் எழுதினது." அப்பாவுக்குத்தான் முழங்கால் வலி. அதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

"அந்தக் கடிதத்தைப் பட்டறையில எல்லார்கிட்டயும் சொன்னேன்டா. மனுஷன்னா இப்படி இருக்கணும், தள்ளிப் போனாலும் மறக்காம எழுதறார்னு சொன்னேன். பொத்தான் தைக்கற பொண்ணுங்க எல்லாம் கேட்டு அழுதுதுங்க."

"மன்னிச்சுடும்மா."

"எதுக்குடா? நான் உடைஞ்சு போயிடுவேன்னு நெனச்சியா? உங்கப்பா போன எட்டாம் நாள் பட்டறைக்குப் போனேன். அன்னிக்கு இருபத்திரண்டு மேலங்கி வெட்டினேன். ஒண்ணாவது கோணலா போச்சா? சின்னப் பிள்ளைக்கு மருந்தைச் சர்க்கரையில வெச்சுக் கொடுக்கற மாதிரி எனக்குக் கதை காட்டியிருக்கே. எட்டு வருஷம்! என்னை ஏமாத்தியிருக்கே."

அவளுக்குக் கண் கலங்கவில்லை. அவள் அடித்திருந்தால் தேவலை என்று மகனுக்கு இருந்தது.

"வீட்டுக்குப் போயிடலாமா?"

"ஏன் போகணும்? கூப்பிட்டது என்னை." அம்மா எழுந்தாள். "நீ என் கண்ணுக்கு முன்னாடி நிக்காதே. பின்னாடி எங்கயாவது உக்காரு."

* * *

அறுபது பேர் இருந்தார்கள். தாங்களே தைத்த கேப்டன் தொப்பியோடு சிலர். அம்மாவின் கண் முதலில் அந்தத் தொப்பிகளின் தையலைத்தான் பார்த்தது.

கோட்டைத் தூக்கிக் காட்டி, அக்குள் கதையைச் சொன்னாள். அரங்கம் சிரித்தது. மூன்றாவது கேப்டனுக்கு இருபது வருடமாக வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்த ஒருவர், "இதை யாருமே சொல்லலையே!" என்று எழுந்தேவிட்டார். முழங்கைக்கும் அட்டைச் சுவருக்கும் கைதட்டல். பக்கவாட்டில் நின்ற மருமகள் கடிகாரத்தைப் பார்க்கக்கூட மறந்துவிட்டாள்.

பிறகு அம்மா கோட்டை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"கடைசியா உங்களை ஒரு கேள்வி கேக்கறதா இருந்தேன். இனிமே கேக்க வேண்டியதில்ல. இன்ஜின்காரர் செத்துட்டாராமே?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இதுவும் ஒரு கமெண்ட் என்று நினைத்திருப்பார்கள். மகன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"நிஜமாத்தான் சொல்றேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மூணு மணிக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கும்போதுதான் சொன்னாங்க. உங்களுக்கெல்லாம் அவர் போய் எட்டு வருஷம் ஆச்சு. எனக்கு ஒரு மணி நேரம்தான் ஆச்சு. நீங்க எல்லாம் அழுது முடிச்சிருப்பீங்க. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அம்மா அழுதாள். முந்தானையில் முகத்தை மறைத்துக்கொள்ளாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு, அறுபது பேர் பார்க்க அழுதாள். எட்டு வருடத்துக்கு முன்னால் அப்பா போனபோதுகூட அவள் இப்படி அழுது யாரும் பார்த்ததில்லை, மகன் உட்பட.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அறுபது பேருக்கும் அந்தக் கதவு சாத்திய நாள் தெரியும். முன்வரிசையில் இருந்த ஒரு நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "நான் அடுத்த நாள் டியூட்டிக்கே போகலம்மா" என்றாள். "நான் மூணு நாள் சாப்பிடலை" என்று பின்னாலிருந்து ஒரு தடித்த குரல் வந்தது. அம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"மூணு நாளா? அவர் பொண்டாட்டியே அடுத்த வாரம் சாப்பிட்டாளே, நான் பாத்தேனே!"

அரங்கம் மொத்தமும் சிரித்தது. நிறையப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

"இவ்வளவு நாளா உங்களுக்கு எப்படிம்மா தெரியாம போச்சு?" என்று நூலகர் மெல்லக் கேட்டார்.

அம்மா பின்வரிசையைப் பார்த்தாள். மகன் எழுந்து நின்றான். வெளியே ஓடிவிடலாம் என்றுதான் எழுந்தான். எழுந்த பிறகு அங்கேயே நின்றுவிட்டான்.

"அதோ நிக்கறானே, என் மகன். அவன் தெரிய விடலை. இன்ஜின்காரர் உயிரோட இருக்கார்னு சொல்லி, அவர் பேர்ல முப்பத்தொரு கடிதம் எழுதி எனக்குக் காட்டியிருக்கான். அவனை நான் இன்னும் மன்னிக்கல. ஆனா ஒண்ணு. நாப்பது வருஷமா இந்தத் தொடரைப் பாக்கறவங்க நீங்க. அந்தக் கடிதங்களைப் படிச்சா நீங்களும் ஒத்துக்குவீங்க. இதை எழுதற அந்த ஊர்க்காரங்களைவிட இவன் நல்லாவே எழுதியிருக்கான்."

முதலில் கைதட்டியது மருமகள்தான்.

* * *

பேருந்து நிறுத்தத்தில் மூன்று பேரும் நின்றார்கள். நூலகர் வாசல்வரை துரத்திக்கொண்டு வந்து கடிதங்களைக் கேட்டிருந்தார். வாசகர் இதழில் போட வேண்டுமாம். எனக்கு வந்தது, நான் முதலில் முழுசாகப் படித்துக்கொள்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"அடுத்த வண்டி அஞ்சு நாப்பத்திரண்டு" என்றாள் மருமகள். யாரும் கேட்கவில்லை என்றாலும் அவளால் சொல்லாமல் இருக்க முடியாது.

அம்மா மகன் பக்கம் திரும்பினாள். கூட்டம் முடிந்ததிலிருந்து இப்போதுதான் அவனோடு நேராகப் பேசுகிறாள்.

"வேற என்ன மாத்தினே?"

அவன் பேருந்து வரும் திசையைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல?"

"சுக்கான் பிடிக்கறவங்களுக்கு ஒரு அண்ணன் வந்தாரே. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கப்பல்ல ஏறினாரே."

"ஆமா. தங்கமான மனுஷன்."

"அண்ணன் இல்லம்மா. அவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க."

அம்மா வாயில் கை வைத்தாள். "அதானே! அண்ணன் தங்கச்சி இப்படியா மணிக்கணக்குல கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்கன்னு நெனச்சேன். அந்த ஊர் வழக்கம் போலன்னு விட்டுட்டேன்."

மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்ஜின்காரரை உயிரோட வெச்சுட்டதால, வேற வழியில்லாம மாத்தினியா?" அம்மாவின் குரலில் இப்போது கோபம் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது.

"அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்." அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். "இல்லம்மா. மத்ததெல்லாம் உனக்காக மாத்தினது. இது எனக்காக. அப்பா இடத்துல... அவர் இடத்துல இன்னொருத்தர் உக்காந்திருக்கறதைப் பாக்க எனக்குப் பிடிக்கல."

அம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். முழுசாக வளர்ந்த ஆண்பிள்ளைதான். கண் மட்டும் அப்படியே இருபத்தொரு வயதில் நின்றிருந்தது.

"அவ நல்லா இருக்காளா?"

"யாரும்மா?"

"அதான், சுக்கான் பிடிக்கறவ. அவரைக் கட்டிக்கிட்டு நல்லா இருக்காளா? உள்ளதைச் சொல்லு."

"ரொம்ப நல்லா இருக்காங்கம்மா. அவர் அவங்களைச் சிரிக்க வெச்சுக்கிட்டே இருக்கார். அந்த வசனத்தை எல்லாம் நான் எழுதாம விட்டுட்டேன்."

ஐந்து நாற்பத்திரண்டு வண்டி ஐந்து நாற்பத்திரண்டுக்கே வந்தது. மருமகளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. அவள் முன்னால் ஏறி, வேண்டுமென்றே தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.

அம்மா ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். கன்னம் லேசாகச் சிவந்திருந்தது. அழுததால் இருக்கலாம். மகனுக்கு அப்படித் தோன்றவில்லை.

"உக்காருடா. நானும் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எட்டு மாசமா எப்படிச் சொல்றதுன்னு தெரியாம வெச்சிருக்கேன்."

மகன் உட்கார்ந்தான்.